நூற்றிருபத்து நான்கு துடைப்புத் துணிகள்

எட்டாம் வகுப்பு படிக்கும்போதே தம்பி இருமல் மருந்தைக் குடிப்பதற்கு முன் பாட்டிலில் ஒட்டிய சீட்டை முழுக்கப் படிப்பான். படித்து முடிப்பதற்குள் சில சமயம் இருமலே நின்றுவிடும். இதை அக்கா கேட்டவர்களிடமும் சொல்வாள், கேட்காதவர்களிடமும் சொல்வாள். அவள் தையல்காரி. அளவெடுக்க வந்து கைகளை விரித்து நிற்பவர்கள் எங்கே ஓடிவிட முடியும்?

இப்போது தம்பி ஒரு மருத்துவமனையில் துப்புரவு மேற்பார்வையாளன். கட்டிலைக் கிருமிநாசினியால் துடைத்தால் பத்து நிமிடம் ஈரம் காயக்கூடாது என்று கேனில் போட்டிருக்கிறது. அதனால் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி கட்டிலுக்குப் பக்கத்திலேயே நிற்பான். ஏழாவது நிமிடத்தில் காய்ந்தாலும் "மறுபடியும்" என்பான். வார்டில் அவனுக்குப் பெயர் 'பத்து நிமிஷம்'.

அங்கே வெகுகாலமாகப் பிளீச்சிங் கரைசல்தான். கட்டில் கம்பிகள் துருவேறின. பதினாறு வருடமாகத் துடைக்கும் ஆயாவுக்கு மூச்சு இழுத்தது.

"இன்னும் ஒரு மாசம் இந்த நெடியில நின்னேன்னா, நான் துடைக்கிற கட்டில்லயே என்னையும் படுக்க வச்சிடுவீங்க" என்றாள் ஆயா.

தம்பி ஐந்து கேன்களின் விவரத்தாள்களைப் படித்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தான். கம்பியை அரிக்காது, நெடி கிடையாது, அந்த வார்டுக்கு வேண்டிய கிருமிகளெல்லாம் அதன் பட்டியலில் இருந்தன. தலைமைச் செவிலியான மேட்ரன் மூடியைத் திறந்து முகர்ந்தார்.

"வாசனையே இல்லையே. சுத்தமாச்சுன்னு எப்படிப்பா தெரியும்?"

"கிருமிக்கு மூக்கு இல்லைங்க மேடம்."

ஒரு வாரம் சோதனை என்று முடிவானது. துடைக்கிற வாளியில் தினமும் சோதனைத்தாளை நனைக்க வேண்டும். மருந்தின் வீரியம் சரியாக இருந்தால் தாள் பச்சையாகும். சனிக்கிழமைக்குள் பச்சை வராவிட்டால் பழையபடி பிளீச்சிங்.

இதைக் கேட்டு அக்கா சும்மா இருப்பாளா? கடையில் கிடந்த சுத்தப் பருத்தி வெட்டுத்துணிகளை எடுத்து, நாலு ஓரமும் இரட்டை மடிப்பாக மடித்து, மூன்று நாளில் நூற்றிருபத்து நான்கு துடைப்புத் துணிகள் தைத்துக் கொடுத்தாள். ஒன்றிலாவது ஒரு நூல் பிரியட்டும் பார்க்கலாம் என்றாள். பிரியவில்லை.

திங்கட்கிழமை தாள் மஞ்சளாகவே இருந்தது. செவ்வாயும் புதனும் மஞ்சள். "உன் மருந்தை விடக் குழாய்த் தண்ணி தேவலாம் போலிருக்கே" என்றார் மேட்ரன். ஆயா, கழற்றி வைத்திருந்த முகக்கவசத்தைத் தேடி எடுத்தாள்.

புதன்கிழமை மாலை தம்பி தையல் கடைக்கு வந்து உட்கார்ந்தான்.

"தண்ணியை அதிகமா ஊத்தியிருப்ப" என்றாள் அக்கா.

"அக்கா, நானா?"

அது அபாண்டம் என்று அவளுக்கே தெரிந்தது. "பின்ன என்னடா?"

அவன் பையிலிருந்து விவரத்தாளை எடுத்தான். இரண்டாம் பக்கத்தில், கடைசியிலிருந்து மூன்றாவது வரி: பருத்தித் துணி இந்த மருந்தைத் தனக்குள் இழுத்து வைத்துக்கொள்ளும், பயன்படுத்த வேண்டாம்.

அக்கா இரண்டு தடவை படித்தாள். "இதை நீ எப்போ படிச்ச?"

"முதல்லயே. ஆனா நீ தைக்கிறது பருத்தின்னு பார்த்தப்போ அறுபதாவது துணி ஓடிக்கிட்டிருந்தது."

"ஏண்டா சொல்லல?"

"ஓரமெல்லாம் மடிச்சு மடிச்சுத் தைச்சுக்கிட்டிருந்தியே. எப்படிச் சொல்றது? கொஞ்சம்தான் இழுக்கும்னு நினைச்சேன்."

"அப்பவே வாயைத் திறந்திருந்தா மீதி அறுபத்தி நாலு மிச்சமாகியிருக்குமேடா, தடியா."

ஆனால் அச்சடித்ததைப் படித்ததோடு விட்டுவிடுகிற குடும்பமல்ல அது. தம்பி கையோடு கொண்டுவந்திருந்த மருந்தை இரண்டு கிண்ணத்தில் கலந்தார்கள். ஒன்றில் அவள் துணியைப் போட்டார்கள். கால் மணி நேரம் இருவரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். துணி இல்லாத கிண்ணத்தில் தாள் பச்சையானது. மற்றதில் மஞ்சள். அக்கா இன்னொரு துணியைப் போட்டுப் பார்த்தாள். அதுவும் மஞ்சள்தான்.

"நல்ல துணிடா. அதான் நல்லா இழுக்குது" என்றாள்.

மறுநாளே துணிகள் எல்லாம் கடைக்குத் திரும்பின. விவரத்தாளில் சொன்ன செயற்கை இழைத் துணி வார்டுக்கு வந்தது. வியாழன் பச்சை. வெள்ளி பச்சை. சனிக்கிழமை மேட்ரன் தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஆயா முகக்கவசத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

அன்று மாலை தம்பி தன் அறிக்கையை அக்காவிடம் காட்டினான். "முதல் மூன்று நாள் தோல்விக்குக் காரணம் மருந்தல்ல, துணி. வீட்டில் தைத்த பருத்தித் துணிகள் 120 பயன்படுத்தப்பட்டன. காரணம் தெரிந்தும் சொல்லாதது என் தவறு. தையலில் குறை இல்லை."

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிவரியாகப் படித்தாள். பிறகு பேனாவை அவன் கையில் கொடுத்தாள்.

"நூத்தி இருபத்தி நாலு. திருத்து."