ஏசுவடியான் ஓடினார், தெருவே ஓடியது

கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் ஒரு புடவையை நிம்மதியாக உடுத்தியதில்லை. காரணம் என் வீட்டுக்காரர் ஏசுவடியான். ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணி கம்பெனியில் அவருக்குச் செக்கிங் வேலை. விளக்கு வெளிச்சத்தில் துணியை ஓடவிட்டு, எங்கே இழை விட்டிருக்கிறது, எங்கே பிசிறு நிற்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அந்த வேலையைக் கம்பெனியிலேயே வைத்துவிட்டு வருகிற பழக்கம் மனுஷனுக்குக் கிடையாது. கல்யாண வீட்டில் மேடையேறி மொய்க்கவரைக் கொடுத்துவிட்டு, "ஏட்டி கேத்ரின், பொண்ணு சேலையில மூணாவது மடிப்புல இழை அந்துருக்கு பாத்தியா?" என்று மாப்பிள்ளைக்கும் கேட்கிற மாதிரி சொல்வார். எனக்கு மானம் போகும்.

அவருடைய முதலாளி சுப்புராஜ் நல்ல மனுஷர்தான். ஆனால் அவர் கையில் ஒரு போன் இருக்கிறது, அதுதான் கோளாறு. காலையில் பல் தேய்க்கும்போது கூப்பிடுவார். சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது கூப்பிடுவார். "ஏசுவடியான், அந்தத் துணி லாட்டு சரியாப் பாத்தியாய்யா? ஒரு ஓட்டைகூட இல்லையே?" அவ்வளவுதான் கேள்வி. இவருக்கோ போன் மணி கேட்டதும் நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வேர்க்கும். பேசி முடித்ததும் கை தானாகப் பால்கோவாவைத் தேடும். எங்கள் ஊரில் தடுக்கி விழுந்தால் பால்கோவா கடை, இவர் தடுக்காமலே விழுவார்.

ஒரு வாய் போட்டதும் முகம் தெளியும். செத்த நேரத்தில் அடுத்த போன் வரும், அடுத்த வாய் போகும். கையும் காலும் மெலிந்து, வயிறு மட்டும் முன்னால் வந்தது. தூக்கம் போயிற்று. சாம்பாரில் உப்புக் குறைந்தால் கத்துவார், டிவியில் விளம்பரத்தில் குழந்தை சிரித்தால் அழுவார். "என்னங்க, டாக்டர்ட்ட போவோம்" என்றால், "எனக்கு என்னட்டி? நான் கல்லு மாதிரி இருக்கேன்" என்பார்.

அப்புறம் அந்த ஈஸ்டர் வந்தது. கோயிலுக்குப் போய், பாடகர் குழுவுக்கு நேர் எதிர் பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்துப் பெண் என் தோளைத் தொட்டு, "அக்கா, முந்தானை கிழிஞ்சிருக்கு" என்றாள். இரண்டு விரல் நுழைகிற ஓட்டை. வீட்டிலிருந்து கோயில் வரைக்கும் இவர் என் பின்னால்தான் நடந்து வந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எனக்கு ஓட்டையைப் பற்றிய வெட்கமே வரவில்லை, பயம்தான் வந்தது. பென்சன் என்கிற என் அண்ணனுக்கும் இப்படிக் கண் மங்கித்தான் ஆரம்பித்தது. சர்க்கரை, சர்க்கரை என்று எல்லோரும் சொல்லச் சொல்லக் கேட்காமல், கடைசியில் கண்ணைப் பறிகொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கு நான் சோற்றைப் பிசைந்து கையில் வைத்திருக்கிறேன். இன்னொரு ஆளுக்கு அப்படி வைக்க என்னால் முடியாது. மறுநாளே இவரை இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டர் செல்வலட்சுமி ரத்தத்தைப் பார்த்தார், கண்ணுக்குள் விளக்கு அடித்துப் பார்க்க வேறொரு டாக்டரிடமும் அனுப்பினார். திரும்பி வந்ததும் நிதானமாகச் சொன்னார். "ஐயா, சர்க்கரை ரொம்ப ஏறியிருக்கு. கண்ணுக்குப் பின்னால ரத்தக்குழாய் லேசாக் கசிய ஆரம்பிச்சிருக்கு. இப்போ பிடிச்சா காப்பாத்திடலாம். மூணு மாசம் டைம். அதுக்குள்ள இறக்கலேன்னா நான் பொறுப்பில்ல."

இவர் வாயைத் திறந்தார். "டாக்டரம்மா, நான் அம்புட்டு ஒண்ணும் திங்கலயே."

நான் சும்மா இருப்பேனா? போனையும் பால்கோவாவையும் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டேன். டாக்டர் சிரிக்கவில்லை. "ஐயா, உங்களை ஒரு யானை துரத்துதுன்னு வைங்க. உடம்பு உடனே அட்ரினலின், கார்டிசால்னு ஹார்மோன்களை இறக்கிவிடும். அது ஈரல்ல இருக்கிற சர்க்கரையை ரத்தத்துல கொட்டும். எதுக்கு? நீங்க ஓடணும்ல, அதுக்கு. ஓடினா அந்தச் சர்க்கரை செலவாயிரும். உங்களுக்கு வர்றது யானை இல்ல, போன். நீங்க ஓடல. உக்காந்து பால்கோவா சாப்பிடுறீங்க. உடம்பு கொட்டினது போதாதுன்னு நீங்க வேற கொட்டுறீங்க."

"அப்போ இந்தக் கோவம், அழுகை எல்லாம்?" என்று கேட்டேன்.

"நாள் பூரா அந்த ஹார்மோன் ஏறியே இருந்தா தூக்கம் கெடும், மனசு கெடும், வயித்துல கொழுப்புச் சேரும், இன்சுலின் சொல்றதை உடம்பு கேக்காது. இனிப்பு சாப்பிட்டா கொஞ்ச நேரம் மனசு அடங்கும். அந்தச் சுகத்தை மூளை பழகிக்கும், பொறவு அதையே கேக்கும். உங்க வீட்டுக்காரரை மட்டும் திட்டாதீங்கம்மா." மாத்திரை எழுதினார், நடக்கச் சொன்னார், பால்கோவாவை நிறுத்தச் சொன்னார், போனைக் குறைக்கச் சொன்னார்.

அன்றைக்கே வீட்டைச் சோதனை போட்டேன். அடுப்படியில் ஒன்றுமில்லை. முதலுதவிப் பெட்டியைத் திறந்தால், பேண்டேஜ் சுற்றி ஒழுங்காக முடிச்சுப் போட்ட ஒரு கட்டி. யாருக்குக் காயம் என்று அவிழ்த்தால் உள்ளே பால்கோவா! "எறும்பு வரக்கூடாதுன்னுதான் சுத்துனேன், நல்ல நெசவு" என்கிறார். அந்த நேரத்தில்கூடத் துணியைத்தான் மெச்சுகிறார், பாவி மனுஷன்.

டாக்டர் சொன்ன நாலு காரியமும் இவர் மனதில் நிற்கவில்லை, யானை துரத்தினால் ஓடுகிற கதைதான் நின்றது. அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் அடித்தது. பால்கோவா இல்லாத வீட்டில் இவர் இங்கும் அங்கும் பார்த்தார். சட்டென்று கைலியை மடித்துக் கட்டினார். "ஏட்டி, டாக்டரம்மா ஓடச் சொல்லியிருக்காவ!" என்று போனைக் கையில் பிடித்தபடி வாசல் தாண்டி ஓடினார்.

எங்கள் வீடு இருப்பது செண்பகத்தோப்புக்குப் போகிற சாலையில். காட்டிலிருந்து யானை இறங்கித் தோப்புக்குள் வருவது எங்களுக்குப் புதிதில்லை. அதனால் எங்கள் பக்கம் யாராவது காட்டுத் திசையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு ஓடினால், ஏன் என்று எவரும் கேட்பதில்லை. கூடவே ஓடுவார்கள். இவரோ நான் விரட்டி வருகிறேனா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடினார்.

டீக்கடைக்காரர் பாலை அப்படியே அடுப்பில் விட்டுவிட்டு ஓடினார். வளைகாப்பு வீட்டிலிருந்து பெண்கள் வளையல் குலுங்க ஓடினார்கள். மாந்தோப்புக்காரர் சின்னக்கருப்பன், எழுபதைத் தாண்டியவர், வருஷக்கணக்கில் முட்டிவலி என்று சொல்லிக்கொண்டிருந்தவர், கண்மூடித் திறப்பதற்குள் மாமரத்தின் உச்சிக் கிளையில் இருந்தார். யானையை விரட்ட யாரோ வெடி போட்டார்கள். வெடிச் சத்தம் கேட்டு மீதிப் பேரும் ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் வனத்துறை ஜீப்பே வந்துவிட்டது.

"எங்க யானை? எந்தப் பக்கம் போச்சு?" என்று வனக்காவலர் கேட்டார்.

எல்லோரும் என் வீட்டுக்காரரைக் காட்டினார்கள். இவர் மைல்கல்லில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே, "யானை இல்ல சார்... மொதலாளி போன்" என்றார்.

அத்தனை பேரும் திரும்பி அவர் கையிலிருந்த போனைப் பார்த்தார்கள். மரத்து மேலிருந்து சின்னக்கருப்பன்தான் முதலில் வாயைத் திறந்தார். "ஏலே ஏசுவடியான், நான் எறங்கி வாரேன், இரு." ஆனால் அவருக்கு இறங்க வரவில்லை. ஏணி கொண்டுவர ஆள் போயிற்று.

அந்தக் கூட்டத்துக்கு நடுவில் போன் மறுபடி அடித்தது. இவர் முகம் வெளுத்தது. யானைக்கு ஓடின அத்தனை பேர் முகத்திலும் இப்படி ஒரு பயத்தை நான் பார்க்கவில்லை. எனக்கு வந்ததே கோபம்! போனைப் பிடுங்கினேன்.

"மொதலாளி, நான் கேத்ரின் பேசுதேன். துணியில ஓட்டை இருக்கான்னு நெதமும் கேக்கியளே, அதப் பாக்குற கண்ணுல ஓட்டை விழப்போவுதாம், தெரியுமா? உங்க போனு சத்தம் கேட்டு இவருக்குச் சர்க்கரை ஏறுது. இன்னைக்கு ஒரு தெருவே ஓடியிருக்கு. ஒரு பெரிய மனுஷர் மரத்துல தொங்குதாரு. வேலை நேரத்துல என்னமும் கேளுங்க. வீட்டுக்கு வந்த பொறவு அடிச்சா நான்தான் எடுப்பேன். எடுத்தா இப்படித்தான் பேசுவேன்!"

தெருவே கை தட்டியது. வேலை போயிற்று என்றே நினைத்தேன். அப்புறம் முதலாளி மெதுவாகக் கேட்டார். "தப்பா நினைக்காதம்மா. வாங்குற பார்ட்டி எனக்குப் போன் போடுறான். எனக்குப் படபடன்னு வருது. உன் வீட்டுக்காரர் 'ஓட்டை இல்ல மொதலாளி'ன்னு சொன்னாத்தான் அடங்குது. எனக்கும் சுகர் இருக்கு. அந்த டாக்டரம்மா எங்க இருக்காங்க?"

டாக்டர் விலாசத்தைச் சொன்னேன்.

அதற்கப்புறம் சாயங்காலப் போன் நின்றது. ஞாயிறுதோறும் முதலாளி காரில் வந்து இறங்கி, இவரோடு செண்பகத்தோப்புச் சாலையில் நடப்பார். "நடக்கத்தான் செய்யணும், ஓடக்கூடாது" என்று தெருவே சேர்ந்து உத்தரவு போட்டிருந்தது. பால்கோவா லேசில் விடவில்லை. முதல் வாரங்களில் இவர் எரிந்து எரிந்து விழுந்தார். கடை வீதியில் கண்ணை மூடிக்கொண்டு என் கையைப் பிடித்து நடந்தார், பார்த்தவர்கள் எங்களுக்குப் புதுசாகக் காதல் வந்துவிட்டது என்றார்கள். மெல்ல மெல்லத் தூக்கம் வந்தது. உப்பில்லாத சாம்பாரைக் கத்தாமல் சாப்பிட்டார்.

மூன்று மாதம் முடிந்தது. சர்க்கரை இறங்கியிருக்கிறது, கண்ணில் கசிவு கூடவில்லை என்று டாக்டர் சொன்னார். இவர் குதித்தார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அண்ணனுக்கும் ஒரு தடவை இப்படிச் சொல்லித்தான் அனுப்பினார்கள். எனக்கென்று ஒரு பரீட்சை வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அதே ஈஸ்டர் புடவையை எடுத்தேன். பெரிய ஓட்டையைத் தைத்துவிட்டேன். முந்தானை ஓரத்தில் ஊசியால் ஒரே ஒரு இழையை மட்டும் உருவிவிட்டேன். உடுத்திக்கொண்டு அவருக்கு முன்னால் நடந்தேன். தெருமுனை வந்தது, ஒன்றும் சொல்லவில்லை. கோயில் வாசல் வந்தது, ஒன்றும் சொல்லவில்லை. நான் பெஞ்சில் உட்கார்ந்தேன், அவர் எனக்குப் பின் பெஞ்சில் உட்கார்ந்தார். போதகர் ஐயர் ஜெபத்தை ஆரம்பித்தார், எல்லோரும் கண்ணை மூடினோம். எனக்கு அண்ணன் கை நீட்டிச் சோறு வாங்குவதுதான் தெரிந்தது.

அப்போது காதோரம் ஒரு மூச்சு.

"ஏட்டி, முந்தானையில ஒரு இழை விட்டிருக்கு. இதையா உடுத்திட்டு வருவ? மானம் போவுது."

நான் ஓவென்று அழுதுவிட்டேன். ஐயர் தன் ஜெபம்தான் என்னைத் தொட்டுவிட்டது என்று நினைத்து, இன்னும் நீட்டி ஜெபித்தார்.