வத்தக்குழம்பு வாசனை

ஆபீஸ் டாய்லெட்டில் உட்கார்ந்து ஒரு மாதம் மதியச் சாப்பாடு சாப்பிட்டவன் நான். ஹைதராபாத்துக்கு வேலை மாறி வந்த புதிது. கேன்டீனில் பத்துப் பேர் நடுவே டப்பாவைத் திறந்தால் கை நடுங்கும், சோறு தொண்டையில் இறங்காது. இதில் டீம் லீடர் என்று பதவி வேறு. பினாயில் நெடியில்தான் சோற்றைப் பிசைந்து விழுங்கினேன்.

என்னைக் கண்டுபிடித்தவர் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். சிகந்திராபாத் தமிழர். நரைத்த மீசை, மடிப்புக் கலையாத நீலச் சட்டை. எந்தக் கதவையும் இரண்டு முறை தட்டி, ஒரு முறை இருமிவிட்டுத்தான் பேசுவார்.

"சார், வத்தக்குழம்பு வாசனை வெளிய வருது. ச்சீ, இங்க நக்கோ சார், வேணாம். என் ரூமுக்கு வாங்க. எனக்கும் நாலு பேரு முன்னாடி சோறு எறங்காது."

அது துடைப்பம் வைக்கும் அறை. கவிழ்த்த பக்கெட்டின் மேல் நான், எதிரே அவர். முதல் வாரம் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டேன். மூன்றாம் வாரம் அவர் டப்பாவிலிருந்து கோங்குராத் துவையல் எடுத்துக்கொண்டேன். கை நடுங்கவில்லை.

ஒருநாள் என் டீம் பையன்கள் இருவர் கதவைத் திறந்துவிட்டார்கள். நான் டப்பாவை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். டாய்லெட் நாறுகிறது, அதற்காக இந்த ஆளைத் திட்ட வந்தேன் என்று சொன்னேன். அவர் எழுந்து நின்று, "சாரி சார்" என்றார்.

பையன்கள் போனதும் தன் டப்பாவை மூடினார்.

"நாளைலேருந்து அங்கயே போய்ச் சாப்டுங்க சார். க்ளீனாத்தான் இருக்கு."