என் தோளை உடைத்தவரிடம் கேட்ட கடிதம்

என் தங்கச்சி எஸ்தரை அவள் புருஷன் தோல் வெட்டும் கத்தியால் வெட்டினான். தாராவியில், எங்கள் வீட்டு வாசலில். அவள் பிழைத்தாள். நன்றாகப் படித்தவள் என்பதால் அமெரிக்காவில் வேலை கிடைத்துப் போனாள். அவன் ஜாமீனில் வெளியே வந்து எங்கள் சந்தில் நின்று, "திரும்பி வருவால்லா, அன்னைக்கு முடிச்சிருதேன்" என்றான்.

நான் எட்டாவதோடு நின்றவன். சூரத், லூதியானா, தூத்துக்குடி என்று சுற்றியவன். எங்கும் நிலைத்து இருந்ததில்லை. பிரியமான விசுவாசிகளே, நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

போன வருஷம் எஸ்தரின் விசா முடியும் நிலைக்கு வந்தது. தோல் பதனிடும் ஆலைக் கழிவுநீரில் இருந்து குரோமியத்தை மலிவாகப் பிரிக்கும் வடிகட்டிதான் அவள் ஆராய்ச்சி. நிரந்தரமாகத் தங்க மனுப் போட கம்பெனி மறுத்துவிட்டது. ஒரு வக்கீல் அம்மா வேறு வழி சொன்னார். தன் வேலை அந்த நாட்டுக்கே பயன்படும், அதைச் செய்துமுடிக்கத் தன்னால் முடியும் என்று காட்டினால், முதலாளி இல்லாமல் தானே மனுப் போடலாம். தேசிய நலன் விலக்கு என்று அதற்குப் பெயர்.

மனுப் போட்டாள். ஆய்வுக்கூடத்துக்கு வெளியே இதை யார் பயன்படுத்துகிறார்கள், ஆதாரம் கொடு என்று குடியேற்ற அலுவலகத்தில் இருந்து பதில் வந்தது. நான் ஓடினேன். பாஸ்டர், தலைமை ஆசிரியை, கட்சிக்காரர் எல்லோரிடமும் நற்சான்றிதழ் வாங்கி, ரப்பர் ஸ்டாம்பு குத்தி அனுப்பினேன். பெரிய ஆள் சிபாரிசு இருந்தால் எல்லாம் நடக்கும் என்று நம்பி வளர்ந்தவர்கள் நாங்கள். வக்கீல் அம்மா அத்தனையையும் ஒதுக்கிவிட்டார். அவளைத் தெரிந்தவர்கள் வேண்டாம், அவள் வேலையால் பலன் கண்ட அந்நியர் வேண்டும் என்றார்.

அவள் கட்டுரையைப் படித்த ஒரு தொண்டு நிறுவனம் தாராவியிலேயே ஒரு தோல் பட்டறையில் அந்த வடிகட்டியைப் பொருத்தியிருந்தது. எஸ்தர் போனில் முதலாளி பெயரைச் சொன்னாள்.

தங்கப்பாண்டி. அவரிடம் நான் முன்பு வேலை பார்த்தேன். கூட வேலை பார்த்தவன் கை தோல் சுழற்றும் டிரம்மில் நசுங்கியது. அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னதற்கு இரும்புக் கம்பியால் என்னை அடித்தார். தோள் எலும்பு முறிந்து சயான் ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டுக் கிடந்தேன். அங்கேயே முடிவு செய்தேன், அவரைக் குத்துவது என்று. கத்தியும் வாங்கி வைத்திருந்தேன்.

எஸ்தர் போன் செய்த அன்று ராத்திரி சபையில் முழங்காலில் நின்றேன். எஸ்தருக்காக வாய் திறந்தால் அவர் முகம்தான் வந்தது. ஆண்டவரே, அந்தக் கை அழுகட்டும் என்றுதான் வார்த்தை வந்தது. கடைசியில் அதுவும் நின்று, அவர் பெயரை மட்டும் சொல்லி அழுதேன். கத்தியைச் சாக்கடையில் போட்டுவிட்டுப் பட்டறைக்குப் போனேன்.

கண்டதும் கம்பியை எடுத்தார். முட்டியில் ஒரு அடி. விழுந்தேன். நான் கை ஓங்கவில்லை. கிடந்தபடியே விஷயத்தைச் சொன்னேன்.

"ஏலே, அந்தத் தண்ணித் தொட்டி ஒன் தங்கச்சி கண்டுபுடிச்சதா?"

"ஆமா மொதலாளி."

கம்பியைக் கீழே வைத்தார். கைகளை நீட்டினார். குரோமியத் தண்ணீர் அரித்த குழிகள் விரலெல்லாம். எல்லாம் ஆறித் தழும்பாகியிருந்தன.

"சோறு பெசஞ்சா உசிரு போவும். கரண்டியிலதான் தின்னேன். அந்தத் தொட்டி வந்தப்பொறவுதான் கையால திங்கேன். ஒனக்காவ இல்லலே. அந்தப் புள்ளைக்கு எழுதித் தாரேன்."

அழுகட்டும் என்று நான் கேட்ட கையை, கர்த்தர் என் தங்கச்சியின் வேலையாலேயே ஆற்றி வைத்திருந்தார்.

கடிதத்தோடு தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கைகளையும் கொடுத்தார். உங்கள் குடும்பத்துக்கு வேண்டியவரா என்று வக்கீல் அம்மா கேட்டாராம். என் அண்ணன் எலும்பை உடைத்தவர் என்று எஸ்தர் சொல்ல, அவர் வெகுநேரம் சிரித்தாராம். அதையும் மறைக்காமல் மனுவுக்கான பதிலில் எழுதினார்.

மனு அங்கீகாரமானது. நிரந்தரமாகத் தங்கும் கிரீன் கார்டுக்கு இந்தியாவில் பிறந்தவர்களின் வரிசை நீளம். ஆனால் அந்த அங்கீகாரத்தை வைத்து அவள் விசாவை நீட்டித்துவிட்டார்கள். அவள் புருஷன் இன்னும் எங்கள் சந்தில் வந்து நிற்கிறான். அவள் அங்கே பத்திரமாக இருக்கிறாள். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

உங்களுக்கும் பெயர் சொல்லவே பிடிக்காத ஒருவர் இருப்பார். அந்தப் பெயரை மட்டும் ஆண்டவரிடம் சொல்லிப் பாருங்கள். மழைக்காலத்தில் என் தோள் இன்னும் வலிக்கும். வலிக்கும்போதெல்லாம் தங்கப்பாண்டிக்காக ஜெபிக்கிறேன். எஸ்தர் புருஷன் பெயரைச் சொல்ல இன்னும் வாய் வரவில்லை. அதற்காக நீங்கள் ஜெபியுங்கள்.