இரண்டு பேர் போட்ட உப்பு

நேற்று காலையில் என் தங்கை மகள் செல்போனில் ஒரு சமையல் குறிப்பு அனுப்பியிருந்தாள். சாம்பாரில் உப்பு கூடிவிட்டால் உருளைக்கிழங்கை நறுக்கிப் போடுங்கள், உப்பை உறிஞ்சிவிடும் என்று. தனியாக உட்கார்ந்து நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

தொண்ணூறுகளின் நடுவில் நானும் செல்வியும் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டிக் கம்பெனி ஆபீசில் டைப்பிஸ்டுகள். ஸ்டேஷனுக்குப் பின்னால் ஓர் அறையும் அடுப்படியுமாக ஒரு வீட்டில் குடியிருந்தோம். சமையலில் இருவருமே கத்துக்குட்டிகள். வாரப் பத்திரிகைக் குறிப்புகளைக் கத்தரித்து ஒரு நோட்டில் ஒட்டி, அதன்படிதான் அடுப்பே பற்றும். உறைமோர் இல்லாவிட்டால் வெதுவெதுப்பான பாலில் மிளகாய்க் காம்பைப் போடுங்கள், தயிராகும் என்று ஒரு குறிப்பு. செல்வி மிளகாய் விளையும் நாகலாபுரத்துக்காரி, அவள் வீட்டு மிளகாய் வற்றலுக்குப் பஞ்சமா? போட்டோம். தயிரானது. சட்டியைக் கவிழ்த்துப் பார்த்து ஆடினோம். அன்றிலிருந்து அந்த நோட்டு எங்களுக்கு வேதவாக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்வியைப் பெண் பார்க்க எங்கள் வீட்டுக்கே வந்தார்கள். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இந்த மாப்பிள்ளையின் போட்டோவை மட்டும் அவள் நோட்டுக்குள்ளேயே வைத்திருந்தாள், ரசப்பொடிப் பக்கத்தில். கேட்டால் அடையாளத்துக்கு என்பாள்.

அந்த வாரம்தான் கல்லுப்பை விட்டுப் பாக்கெட் தூளுப்புக்கு மாறியிருந்தோம். பழைய கைக்கணக்கில் நான் சாம்பாரில் அள்ளிப் போட்டேன். அது தெரியாமல் செல்வியும் போட்டாள்.

“ஏட்டி, நீயும் போட்டியா?”

“அப்போ நீயுமா?”

வாசலில், மாப்பிள்ளை வீட்டாரை அழைத்துவந்த அவள் அப்பாவின் குரல். நோட்டைப் புரட்டி, நான்கு உருளைக்கிழங்கை நறுக்கிப் போட்டோம். சாம்பார் அசைந்து கொடுக்கவில்லை.

மாப்பிள்ளை வேம்பார்ப் பக்கம் உப்பளத்தில் சூப்பர்வைசர். ஒரு வாய் வைத்தார். கண் கலங்கியது. அவர் அம்மா சோற்றைப் பிசைந்த கையோடு மகன் முகத்தைப் பார்த்தார்.

செல்வி மறைக்கவில்லை. “உப்பு கூடிப் போச்சு. கிழங்கு போட்டோம், கேக்கல.”

“கிழங்கு உப்பை மட்டும் எப்படி எடுக்கும்? உப்புத்தண்ணியத்தான குடிக்கும். மிச்சக் கொழம்பு அப்படியேதான இருக்கும்” என்றார் அவர். அதோடு விட்டாரா? தூளுப்பு இடைவெளி இல்லாமல் அடையும், அதனால் ஒரே கையளவில் கல்லுப்பைவிடக் கரிப்பு கூடும் என்று பாடமே நடத்தினார். செல்வியின் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். இதுவும் போயிற்று என்று நினைத்தேன்.

செல்வி கரண்டியை நீட்டினாள். “இவ்வளவு தெரியுதுல்லா. நீங்களே வந்து சரி பண்ணுங்க.”

அவர் எழுந்து, கையைக் கழுவி, சட்டைக் கையை மடித்துக்கொண்டு அடுப்படிக்குள் வந்துவிட்டார். உப்பில்லாமல் பருப்பு வேகவைத்து, புளி கரைத்து ஊற்றினார். போதவில்லை. இன்னும் ஊற்றினார். ஐந்து பேர் சாம்பார் இரண்டு பானையாகப் பெருகியது.

அவர் அம்மா கதவு நிலையில் சாய்ந்து நின்று பார்த்தார். “ஏலே, நம்ம வீட்டுல ஒரு தம்ளர் கழுவிருப்பியா நீ?”

முதலில் சிரித்தது செல்வியின் அப்பாதான். பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. செல்வி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். மிஞ்சிய சாம்பாரைத் தெரு முழுக்கக் கொடுத்தோம்.

கிளம்பும்போது மாப்பிள்ளை செல்வியிடம் மெதுவாகக் கேட்டார். “வாரத்துக்கு ஒருநாள் நான் சமைச்சா சம்மதமா?”

“ரெண்டு நாளுன்னா யோசிக்கேன்.”

தை மாதம் கல்யாணம்.

அந்த வீட்டை இடித்துவிட்டார்கள். மூட்டை உப்பை வண்டியில் வைத்துத் தெருவில் படியால் அளந்து விற்பவர்களையும் இப்போது காணோம். போன மாதம் செல்வி வீட்டுக்குப் போயிருந்தேன். இப்போது அவள் கணவருக்கு ரத்தக்கொதிப்பு. அவரே சமைத்து, அவரே பரிமாறினார். உப்பளத்துக்காரர் வீட்டு இலையில், ஓரத்தில் உப்பு வைக்கும் வழக்கமே போய்விட்டது.