எட்டாவது சட்டை

ராய்னா பொய் சொல்கிறவள் இல்லை. பதினோரு வருஷமாக எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து பார்க்கிறேன். பொய் சொல்லவும் தெம்பு வேண்டும், அது அவளிடம் கிடையாது. அதனால் இது நடந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பால்கன் மலையடிவாரத்தில், அருங்காட்சியகமாக மாறிய ஒரு பழைய வீட்டில் அவளுக்கு வேலை. வருகிறவர்கள் கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். "பல்லு எப்படி விளக்கினாங்க?" "பனிக்காலத்துல எங்க ஒதுங்கினாங்க?" "சோப்பு இல்லாம துணி எப்படி வெளுத்துச்சு?" ஒரு நாளைக்கு நாற்பது தடவை. ஓய்வூதியத்துக்கு இன்னும் இரண்டு வருஷம். முட்டி இரண்டும் போய்விட்டன.

டிசம்பர் 29. மேலாளர் கலோயான் வந்தான்.

"வாயால சொன்னா யாரு நின்னு கேக்குறாங்க, அக்கா? சாம்பல் தண்ணில துவைச்சே காட்டுங்க. கூட்டம் வரலேன்னா வீட்டைப் பூட்டிருவாங்க. நீங்களும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

"கிறிஸ்துமஸ்லேருந்து ஜனவரி ஆறு வரைக்கும் பொழுது சாஞ்சா கொடியில துணி இருக்கக் கூடாதுப்பா. செத்தவங்க நடமாடுற நாளு."

"அதுக்குள்ள எடுத்துருங்க."

"ஒங்க அம்மா இந்த நாள்ல துவைப்பாங்களான்னு கேட்டுப் பாரேன்."

அவன் கேட்கவில்லை. அவள் துவைத்தாள்.

பெட்டியிலிருந்த குழந்தைச் சட்டைகள். கழுத்தில் சிவப்புத் தையல். ஏழு. அருங்காட்சியகப் பட்டியலிலும் ஏழு. மூன்றரை மணிக்குக் கூட்டம் கலைந்தது. ராய்னா அடுப்போரம் உட்கார்ந்தாள். ஒரே ஒரு நிமிஷம் கண்ணை மூடினாள்.

விழித்தபோது ஐந்து பத்து. நல்ல இருட்டு.

வெளியே... டப். டப். டப்.

உறைந்த துணிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் சத்தம்தான். சலித்துக்கொண்டே எழுந்து போனாள். பலகை மாதிரி விறைத்திருந்த சட்டைகளை ஒவ்வொன்றாக உருவினாள்.

ஐந்து... ஆறு... ஏழு.

சத்தம் நின்றது.

கொடியில் இன்னொன்று இருந்தது.

அதே சிவப்புத் தையல். அது விறைக்கவில்லை. ஈரமில்லை.

சூடாக இருந்தது.

இப்போதுதான் உடம்பிலிருந்து கழற்றிய மாதிரி.

எட்டையும் பெட்டியில் போட்டுப் பூட்டினாள். அங்கே யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் வேலை போகும்.

மறுவாரம் கலோயான் எண்ணிப் பார்த்தான். "ஒண்ணு கூடியிருக்கேக்கா. யாரோ எண்ணத் தெரியாதவன் எழுதின பட்டியல்." கையுறையைக் கழற்றாமலே எட்டையும் வரிசையாக மேசையில் பரப்பிவைத்தான்.

ஜனவரி ஏழு. அந்த வீட்டைக் கொடுத்த குடும்பத்துக் கிழவர் நைடென் வந்தார். எண்ணினார். திரும்ப எண்ணினார். தொப்பியைக் கழற்றினார்.

"இது எங்கேருந்தும்மா வந்துச்சு?"

"கொடியிலேருந்து."

அவர் தொப்பியை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"எங்க தாத்தாவோட அம்மா எட்டுதான் தச்சாங்க. எட்டாவதைப் போட்டுத்தான்... செத்துப்போன கடைசிப் பிள்ளையப் புதைச்சாங்க. இதே மாதிரிப் பனியில."

ராய்னா இன்னும் அங்கேதான் போகிறாள். இரண்டு வருஷம் ஓட்டியாக வேண்டுமே. காலை ஒன்பதுக்குக் கதவைத் திறந்ததும் அந்தச் சட்டையைத் தொட்டுப் பார்க்கிறாளாம்.

இன்னும் ஆறவில்லை.