சுந்தரேசன் சார் விற்ற ஒயின் கொட்டகை

சனிக்கிழமை மதியம் சுந்தரேசன் சாரின் மனைவி வசந்தா போனில் கூப்பிட்டாள். "கமலா, அவர் போயிட்டார். காபி கேட்டார், கொண்டு வர்றதுக்குள்ள..." கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு, "நல்லவேளை, மனசுல பாரம் இல்லாம போனார்" என்றாள். எனக்கும் அந்த ஆறுதல்தான் முதலில் வந்தது.

உங்களில் பலருக்கு அவரை எங்கள் பழைய பார்சிப்பனி அலுவலகத்திலிருந்தே தெரியும். 2002-இல் ஆட்குறைப்பில் எங்கள் இருவருக்கும் வேலை போனது. நான் வேறு வேலை தேடினேன். சார் வடமேற்கு நியூஜெர்சி மலைப்பக்கம் ஒரு பழத்தோட்டத்தை வாங்கி, ஆப்பிளிலும் பேரிக்காயிலும் ஒயின் போட ஆரம்பித்தார். கோயிலில் ஒருவர், "ஏன் சார், ஜூஸ் போட்டா ஆகாதா?" என்று கேட்டார். "போடலாம். எனக்குக் காத்திருக்கப் பிடிக்கும்" என்றார் சார்.

குளிர் அதிகமானால் தொட்டியில் சாறு புளிப்பது நின்றுவிடும். அதனால் பனி விழுந்தாலே சார் விடியும் முன் எழுந்து, தொட்டிகளைப் பார்க்கக் கொட்டகைக்கு ஓடுவார். ஒரு பொங்கலன்று நாங்கள் போனபோது பனியில் கரண்ட் போயிருந்தது. கணவனும் மனைவியும் ஓவர்கோட்டோடு சமையலறையில் உட்கார்ந்திருந்தார்கள். "வாங்க கமலா, கோட்டைக் கழட்டாதீங்க. வீட்ல இருந்த கம்பளி எல்லாம் பேரிக்காய்த் தொட்டிக்குப் போர்த்தப் போயிடுச்சு!" என்றார் சார்.

இதய ஆபரேஷனுக்குப் பிறகு கொட்டகை வேலை அவருக்கு முடியவில்லை. கலிஃபோர்னியாவில் சான் ரமோனிலிருந்து அவர் மகன் அரவிந்த் எனக்குப் போன் செய்தான். தனக்கு ஒயினரி வேண்டாம், சொன்னால் அப்பா உடைந்துபோவார் என்று ஆங்கிலத்தில் அழாத குறையாகச் சொன்னான். அதே வாரம் சார் சொன்னார்: "அவன் தலைல கட்டிடுவேனோன்னு பயமா இருக்கு. வேண்டாம்டான்னு சொன்னா, இவனால முடியாதுன்னு அப்பா நினைக்கறார்னு வருத்தப்படுவான்."

இருவர் ரகசியத்தையும் சுமந்துகொண்டு நான் தவித்தேன். நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைச் சாப்பாட்டில் பொறுக்க முடியாமல், "அரவிந்த், என்கிட்ட சொன்னதை அப்பாகிட்ட சொல்லு" என்றேன்.

அவன் தட்டைப் பார்த்தபடி, "அப்பா, ஐ டோன்ட் வாண்ட் த ஒயினரி. ஸாரி" என்றான்.

சார் கரண்டியைக் கீழே வைத்தார். "அப்பாடா!" என்றார். "இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதாடா?" அவர் சிரித்த சிரிப்பில், ஆபரேஷன் செய்த நெஞ்சு என்னாகுமோ என்று வசந்தா ஓடி வந்தாள். அரவிந்த் அவர் தோளில் முகம் புதைத்துக்கொண்டான்.

வசந்த காலத்தில், தோட்டத்தையும் கொட்டகையையும் பக்கத்து ஆப்பிள் விவசாயி குடும்பத்துக்கு விற்றார். பிறகு அவர்கள் போட்ட ஒயினைக் குடித்துப் பார்த்து, "பரவாயில்லையே, நம்மளவிட நல்லாவே போடறாங்க" என்றார். பொறாமை துளிகூட இல்லை.

போன மாதம் ஒரு காலையில் போன் செய்தார். "கமலா, வெளில ஒரே ஸ்னோ."

"அப்புறம் சார்?"

"அப்புறம் என்ன? நான் எழுந்திருக்கவே இல்ல."

சோம்பலும் சந்தோஷமுமாக அவர் சொன்ன அந்தக் குரலைத்தான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.