விண்வெளிப் படத்தில் அம்மா கண்ட குறை

இருட்டில் ஒரு பெண் மூச்சு வாங்கும் சத்தம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. கூடவே வெங்காய சமோசாவின் மணமும், ஏசி பாதி வேலை செய்யாத பழைய தியேட்டரின் ஈர வாடையும். செகந்திராபாத் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருந்த அந்தத் தியேட்டருக்கு, கோடை விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்கு, மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து அப்பா, அம்மா, அக்கா சுபா, நான் என்று நால்வரும் ஒரே ஆட்டோவில் இடித்துக்கொண்டு போய் இறங்கினோம். விண்வெளியில் கப்பல் உடைந்து தன்னந்தனியாக மாட்டிக்கொண்ட ஒரு பெண், எப்படி உயிரோடு பூமிக்குத் திரும்புகிறாள் என்பதுதான் படம்.

அமெரிக்கப் படம், ஆனால் தெலுங்கு பேசியது. அதுவும் சாதாரணத் தெலுங்கா? கப்பல் வெடித்துச் சிதறும்போதுகூட அந்த விஞ்ஞானி புராணப் படத்து மகாராணியைப்போல நிறுத்தி நிதானமாகச் செந்தெலுங்கில் வருத்தப்பட்டாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "கைக்குடி சிரிக்கறே, கம்முனு பாரு" என்று அப்பா இருட்டில் அதட்டினார். மூன்று தலைமுறையாக இந்த ஊரில் இருக்கும் ஆம்பூர்க் குடும்பம் எங்களுடையது. எங்கள் தமிழில் இரண்டு ஊரும் இருக்கும்: ஏன் என்பதற்குக் 'கைக்கு', வேண்டாம் என்பதற்கு 'நக்கோ', ஆமாம் என்பதற்கு 'ஹவ்'.

அந்த வாரம் வீட்டில் வேறொரு விஷயம் புகைந்துகொண்டிருந்தது. அக்காவுக்குக் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும், அந்த வாரத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே "இழுப்பு", அதாவது ஆஸ்துமா. அவள் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தே வருஷங்களை ஓட்டியவள் அம்மா. "நக்கோன்னா நக்கோதான். ராத்திரில இழுப்பு வந்தா அங்க யாரு இருக்கா?" என்று ஒரே பிடியாக நின்றாள். அப்பாவுக்கு அனுப்ப மனசுதான், அம்மாவை மீறிப் பேசத்தான் வாய் வரவில்லை. மூச்சு முட்டுகிற படத்துக்கு இந்தப் பெண்ணையா கூட்டிப் போவது என்று அதற்கும் அம்மா முணுமுணுத்தாள். அக்காதான் பிடிவாதம் பிடித்தாள்.

படத்தின் நடுவில் காற்று தீர்ந்துகொண்டே வரும் ஒரு நீண்ட காட்சி. இசை நின்றுவிட்டது, மகாராணித் தெலுங்கும் நின்றுவிட்டது. அந்தப் பெண் முழங்காலைக் கட்டிக் குனிந்து உட்கார்ந்து, கண்ணை மூடி, உதட்டைக் குவித்து மெதுவாக ஊதிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். முன்வரிசை விசில்காரர்கள்கூட அடங்கிப்போனார்கள். நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவளும் உதட்டைக் குவித்து, திரையில் இருப்பவளோடு சேர்ந்து ஊதிக்கொண்டிருந்தாள்.

படம் பார்த்துவிட்டு வந்தால், சாப்பிடும்போது ஆளுக்கு ஒரு நல்லதும் ஒரு கெட்டதும் சொல்லியாக வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். அப்பா ரயில்வேயில் சிக்னல் பிரிவு. எதையும் "நல்லாருக்கு" என்று ஒரே வார்த்தையில் விட்டுவிட்டுப் போவது அவருக்கு ஆகாது. "இன்னா நல்லாருக்கு, எங்க ஒதைக்குது, ரெண்டும் சொல்லு" என்பார். அன்றைக்கும் அவரே ஆரம்பித்தார். வில்லனே இல்லாமல் படத்தை நகர்த்தியது நல்லது. காற்றே இல்லாத இடத்தில் கப்பல் அத்தனை சத்தமாக வெடித்தது கெட்டது. பூமி நீலமாகச் சுற்றியது நல்லது, ஆனால் அவள் படம் முழுக்க ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை என்று நான் சொன்னேன்.

அம்மா ரசத்தை ஊற்றிக்கொண்டே, "பொண்ணு பத்திரமா ஊட்டுக்கு வந்து சேர்ந்துட்டா, அது நல்லது. ஆனா சாவப்போற நேரத்துலகூட ஒருவாட்டி அம்மான்னு கூப்பிடல பாரு, அதான் எனக்கு நம்பிக்கையே வரல" என்றாள்.

"கூப்பிடறதுக்கு மூச்சு வேணாமாம்மா?" என்றாள் அக்கா.

அம்மாவின் கரண்டி நின்றது.

"இழுக்கறப்ப வாயத் தொறந்தா இருக்கறதும் போயிடும். அப்படியே குனிஞ்சு உக்காந்து ஊதணும். படத்துல அது ஒண்ணுதான் நெஜம். நானும் உன்ன எழுப்பறதில்லம்மா. நீ அசந்து தூங்கிட்டிருப்ப. இன்ஹேலர் அடிச்சுட்டு உக்காந்திருப்பேன், கொஞ்ச நேரத்துல சரியாயிடும்."

அந்த வருஷம் இராத்திரிகளில் அக்காவுக்கு இழுப்பே வரவில்லை என்றுதான் அம்மா நம்பிக்கொண்டிருந்தாள், பக்கத்து வீடுகளில் சொல்லிச் சந்தோஷமும் பட்டிருந்தாள். அந்தச் சங்கடத்தை விலக்கத்தானோ என்னவோ, "கெட்டது நீ சொல்லலியே" என்று அப்பா அக்காவைக் கேட்டார். "கடைசில ரேடியோ வேலை செஞ்சதும் கீழ பூமில இருந்தவங்க பேசிப் பேசியே அவ உயிர எடுத்தாங்களே, அதான். சும்மா லைன்ல இருந்தாலே போதும்" என்றாள் அக்கா.

அம்மா தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கழுவி முடித்து, முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்து நின்றாள். "போய்ப் படி. ஆனா இழுப்பு வந்தா எந்நேரமானாலும் ஃபோன் போடணும். பேச நக்கோ. நான் இந்தப் பக்கம் இருப்பேன்."

அப்படியே நடந்தது. எங்கள் வீட்டு ஃபோன் மணியடிக்கும். எடுத்தால் மறுபக்கம் குரல் இருக்காது, மூச்சு மட்டும் கேட்கும். வாய் ஓயாத என் அம்மா, ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு தரையில் அசையாமல் உட்கார்ந்திருப்பாள். வெகுநேரம் கழித்து அக்கா "சரியாயிடுச்சும்மா" என்றதும், "ஹவ், படுத்துக்கோ" என்று வைத்துவிடுவாள். அதைவிடப் பெரிய பேச்சை நான் இன்றுவரை கேட்டதில்லை. படித்து வேலைக்குப் போய் அக்கா கோயம்புத்தூரிலேயே தங்கிவிட்டாள்.

அந்தப் படத்தில் ஓட்டைகள் ஏராளம் என்பது வளர்ந்தபிறகு தெரிந்தது. தற்செயல்கள் அவளுக்கென்றே வரிசையில் நின்றன. அழுகைக் காட்சி ஒன்று தேவையே இல்லை. இருந்தும் அதை யாராவது குறை சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. எங்கள் வீட்டில் ஒரு கதவைத் திறந்துவிட்ட படம் அது, நான் நன்றி மறக்கத் தயாரில்லை.

இன்று அந்தத் தியேட்டர் துணிக்கடையாகிவிட்டது. குவார்ட்டர்ஸை விட்டு, அல்வால் பக்கம் ஒரு ஃப்ளாட்டுக்கு வந்தாயிற்று. ஆளுக்கொரு செல்போனில் ஆளுக்கொரு படம் பார்ப்பதால் நல்லது கெட்டது கேட்பாரும் இல்லை. பேசாத ஃபோனும் போய்விட்டது. நல்ல மருந்துகள் வந்து, அக்காவுக்கு இழுப்பு அடங்கிப் பல வருஷமாகிறது. இது மட்டும் ஒழிந்ததில் எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம்.

போன தீபாவளிக்கு அக்கா வந்திருந்தபோது அதே படத்தை டிவியில் போட்டோம். முடிந்ததும் அக்கா சமையலறைக்குப் போக, நான் பழைய பழக்கத்தில் அம்மாவிடம் கேட்டேன். "நல்லது, ஊட்டுக்கு வந்துட்டா. கெட்டது, இப்பவும் அம்மான்னு கூப்பிடல" என்றாள், விட்டுக்கொடுக்காமல்.

அப்போது உள்ளேயிருந்து, பக்கத்து ஃப்ளாட்டுக்கே கேட்கும்படி அக்காவின் குரல் வந்தது. "அம்மா! பெருங்காய டப்பாவ எங்கம்மா வெச்சே?"

அம்மாவுக்கு இடம் தெரியும். ஆனாலும் இன்னொருவாட்டி கூப்பிடட்டும் என்று பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.